வாசகர் கேள்வி: ‘இணைகரத்தின் பண்பு’ என்று எழுதினால் போதாதா?

கேள்வி: மகன் உயர்நிலை 3-இல் ஏ மேத்ஸ் (கூடுதல் கணிதம்) படிக்கிறான். ‘ஏபிசிடி ஓர் இணைகரம். மூலைவிட்டங்கள் ஓ-வில் வெட்டுகின்றன. அவை ஒன்றையொன்று இருசமமாக வெட்டும் என நிரூபி’ என்ற கணக்குக்கு ஐந்து வரி எழுதியும் பூஜ்யம். விடையின் படம் இணைத்துள்ளேன். எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?
— ஒரு தாய், ஈசூன்

பதில்: வரிகள் சரி, வரிசைதான் கோளாறு. முதல் வரியிலேயே ‘ஏஓ = ஓசி, இணைகரத்தின் பண்பு’ என்று எழுதிவிட்டு, அதை வைத்து முக்கோணங்களைச் சர்வசமமாக்கி (வடிவும் அளவும் ஒன்றே எனக் காட்டி), கடைசியில் ‘ஆகவே ஏஓ = ஓசி’ என்று முடித்திருக்கிறார். கேட்டதே அதுதான்! வேறொன்றை நிரூபிக்கும்போது இந்தப் பண்பைத் தாராளமாகக் காரணம் காட்டலாம். அதையே நிரூபிக்கச் சொன்னால் கூடாது.

அப்போது கையில் இருப்பது வரையறை மட்டும்: எதிர்ப்பக்கங்கள் இணை. நீளம் சமம் என்பதைக்கூட இன்னும் சம்பாதிக்கவில்லை. அதை முதலில் பெற வேண்டும். மூலைவிட்டம் பிடி-யைப் பாருங்கள். ஏபி, டிசி இணை என்பதால் கோணம் ஏபிடி = கோணம் சிடிபி (இவை ஒன்றுவிட்ட கோணங்கள்: இணைகோடுகளுக்கு இடையே, வெட்டும் கோட்டின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பவை). ஏடி, பிசி இணை என்பதால் கோணம் ஏடிபி = கோணம் சிபிடி. பிடி பொதுப்பக்கம். கோ-ப-கோ (கோணம்-பக்கம்-கோணம்) விதிப்படி முக்கோணங்கள் ஏபிடி, சிடிபி சர்வசமம்; எனவே ஏபி = சிடி.

இனி ஓ-வுக்கு வரலாம். முக்கோணங்கள் ஏபிஓ, சிடிஓ இரண்டிலும் ஏபி = சிடி என்று இப்போது தெரியும். அதன் இரு முனைகளிலும் உள்ள ஒன்றுவிட்ட கோணங்கள் சமம். மறுபடி கோ-ப-கோ. ஏஓ = சிஓ, பிஓ = டிஓ.

ஒன்றுவிட்ட கோணங்கள் எழுதும்போது எந்த இணைகோட்டுச் சோடி என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பிடி-யின் இருபுறமும் நான்கு கோணங்கள் இருப்பதால் பிள்ளைகள் சோடியை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். சர்வசமத்தில் உச்சிகளின் வரிசையும் முக்கியம்: ஏபிடி-க்குச் சமம் சிடிபி, சிபிடி அல்ல. படத்தைச் செவ்வகம் போல் வரையவும் வேண்டாம், 7 செ.மீ., 4 செ.மீ. பக்கங்களும் 65 பாகைக் கோணமும் வைத்தால், கண்ணுக்குச் சமமாகத் தெரிவதையெல்லாம் சமம் என்று எழுதும் ஆசை வராது.

கேள்வி: ஒரு சோடி பக்கங்கள் இணை, மற்றச் சோடி சமம் என்றால் இணைகரம்தானே?
— மாணவி, செங்காங்

பதில்: இல்லை. அடி 10 செ.மீ., மேல்பக்கம் 4 செ.மீ., உயரம் 4 செ.மீ. என்று, மேல்பக்கம் அடியின் நடுவுக்கு நேர்மேலே வருமாறு ஒரு சரிவகம் வரையுங்கள். சாய்ந்த பக்கங்கள் இரண்டும் 5 செ.மீ. வரும். நீங்கள் சொன்ன இரண்டும் பொருந்துகின்றன, ஆனால் அது இணைகரமில்லை. இணையும் சமமும் ஒரே சோடியில் இருக்க வேண்டும். இதே சரிவகத்தின் மூலைவிட்டங்கள் சமம். அதனால் ‘மூலைவிட்டங்கள் சமம், ஆகவே செவ்வகம்’ என்பதும் நிற்காது. முதலில் இணைகரம் என்று காட்டிவிட்டால் நிற்கும்.

கேள்வி: எந்த நாற்கரமானாலும் பக்கங்களின் நடுப்புள்ளிகளைச் சேர்த்தால் இணைகரமே வருகிறது. ஏன்?
— மாணவர், உட்லண்ட்ஸ்

பதில்: இதற்குப் பிரெஞ்சுக் கணித அறிஞர் வரிஞோனின் பெயர் உண்டு, அவர் இறந்தபின் 1731-இல் அச்சானது. ஏபிசிடி-யின் ஏபி, பிசி, சிடி, டிஏ பக்கங்களின் நடுப்புள்ளிகள் முறையே பி1, பி2, பி3, பி4 எனக் கொள்ளுங்கள். மூலைவிட்டம் ஏசி-யைப் போட்டதும் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். முக்கோணம் ஏபிசி-யில் நடுப்புள்ளித் தேற்றப்படி பி1பி2, ஏசி-க்கு இணை, அதில் பாதி. முக்கோணம் ஏடிசி-யில் பி4பி3-உம் அப்படியே. ஆக ஒரே சோடி இணையாகவும் சமமாகவும் அமைந்துவிட்டது. மேலே செங்காங் மாணவிக்குச் சொன்னதுதான். எந்த முக்கோணத்தில் தேற்றத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்று பெயர் சொல்லாமல் விடாதீர்கள்.

ஏசி, பிடி சமமானால் உள்ளே சாய்சதுரம், செங்குத்தானால் செவ்வகம். பிடி-யையும் வரைந்து, ஏன் என்று நீங்களே எழுதிப் பாருங்கள், மூன்று வரிதான்.