கேள்வி நேரம்: பீஃப் எங்கே?

கே: அமெரிக்க அரசியல் விவாதங்களில் 'வேர் இஸ் த பீஃப்?' என்று மடக்குகிறார்களே, மாட்டுக்கறிக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

ப: பர்கர் விளம்பரம்தான் மூலம். 1984 ஜனவரியில் வெண்டீஸ் நிறுவனம் போட்டிக் கடைகளைக் கிண்டலடித்து டிவியில் ஒரு விளம்பரம் விட்டது. மூன்று பாட்டிகள், எதிரே தலையணை சைஸில் ஒரு பன். இரண்டு பேர் 'எவ்வளவு பெரிய பன்!' என்று வியந்துகொண்டே மூடியைத் தூக்க, உள்ளே துக்கடா கறித்துண்டு. மூன்றாவது பாட்டி கரகரத்த குரலில் 'பீஃப் எங்கே?' என்று அதட்டுவார். அவர்தான் கிளாரா பெல்லர், 81 வயது, சிகாகோவில் நகம் அழகுபடுத்தும் வேலை பார்த்தவர். டீ-ஷர்ட் வரை அந்த வசனம் போனது.

அதே ஆண்டு மார்ச்சில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த வால்டர் மாண்டேல், 'புதிய சிந்தனைகள்' என்று முழங்கிக்கொண்டிருந்த கேரி ஹார்ட்டிடம் விவாத மேடையிலேயே, உங்கள் பேச்சைக் கேட்டால் அந்த விளம்பரம்தான் ஞாபகம் வருகிறது என்று சொல்லி இந்தக் கேள்வியை வீச, கூட்டம் சிரித்துவிட்டது. அன்றிலிருந்து 'வாய்ச்சவடால் சரி, சரக்கு எங்கே?' என்று கேட்க இதுதான் சுருக்குவழி. மாண்டேல் வேட்பாளர் ஆனார், ஆனால் நவம்பரில் ரீகனிடம் 49 மாநிலங்களில் தோற்றார், அது வேறு விஷயம்.

அப்புறம் 1985இல் பெல்லர் ப்ரீகோ பாஸ்தா சாஸ் விளம்பரத்தில் 'கண்டுபிடித்துவிட்டேன்' என்று சொல்ல, வெண்டீஸ் அவரைக் கழற்றிவிட்டது. எனக்கென்னவோ, அவருடைய இரண்டாவது ஜோக்தான் இன்னும் பிரமாதம்!