கப்பலுக்குள் கட்டுச்சாதம் போகுமா?

சென்ற இதழில் சொகுசுக் கப்பலின் சமையற்கூடம் எப்படி இயங்குகிறது என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: கரையில் வாங்கும் சாப்பாட்டைக் கப்பலுக்குள் கொண்டுபோகலாமா? பயணிகள் கப்பல்களில் சமையல்காரனாகவும், பிறகு உணவுச் சுகாதாரப் பொறுப்பிலும் இருந்தவன் நான். அதனால் இந்த முறை முழுக்க அதற்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மாமனார், மாமியாருடன் சிங்கப்பூர் – பினாங்கு கப்பலில் மூன்று இரவுப் பயணம் போகிறோம். அத்தை வெங்காயம், பூண்டு சேர்க்கமாட்டார். வீட்டிலிருந்து புளியோதரை, பினாங்கு லிட்டில் இந்தியாவில் சைவச் சாப்பாடு பார்சல் என்று சமாளித்துவிடலாமா? — வாசகி, கும்பகோணம்

முடியாது அம்மா. சமைத்த உணவு எதுவானாலும், வீட்டில் செய்ததோ கடையில் வாங்கியதோ, கப்பல் ஏறும் வாசலிலேயே எடுத்துவிடுவார்கள். பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் விடும்போது உணவுப் பொருள் திரையில் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். துணிக்கு நடுவில் வைத்தாலும் தெரியும். அத்தைக்கு முன்னால் பையைத் திறந்து டப்பாவைக் குப்பையில் போடும் நிலை வேண்டாமே.

ஆனால் அத்தை பட்டினி கிடக்க வேண்டியதே இல்லை. டிக்கெட் எடுத்தவுடன், கடைசி வாரம் வரை தள்ளிப்போடாமல், உணவுத் தேவையை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். வெறும் ‘வெஜிடேரியன்’ என்று எழுதினால் பூண்டு வரும். ‘ஜெயின் உணவு’ என்று கேளுங்கள். வெங்காயம், பூண்டு வேண்டாம் என்றால் சமையற்கூடத்துக்கு உடனே புரியும் சொல் அதுதான். ஒன்று மட்டும்: ஜெயின் உணவில் உருளைக்கிழங்கும் கேரட்டும்கூட வராது. அவை அத்தைக்குச் சம்மதம் என்றால் அதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

கப்பலில் ஏறிய முதல் நாள் மதியமே பெரிய சாப்பாட்டு அறைக்குப் போய், அங்கே மேற்பார்வையாளரைப் பார்த்து அத்தையை நேரில் அறிமுகப்படுத்துங்கள். பல கப்பல்களில் மறுநாள் மெனுவை முந்தின இரவே காட்டி, எது வேண்டும் என்று கேட்டுக்கொண்டு தனியாகச் செய்து தருவார்கள். நானே அப்படி எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் சமையற்கூடத்தில் நம் நாட்டு ஆட்கள் பெரும்பாலும் இருப்பார்கள். வயதானவர் ஒருவர் மோர்க்குழம்பு கேட்கிறார் என்று தெரிந்தால் அவர்களுக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். வெறும் சாதமும் தயிரும் எப்படியும் கிடைத்துவிடும்.

பருப்புப்பொடி, இட்லிப்பொடி கொண்டுபோக ஆசை என்றால், வீட்டில் அரைத்ததை விட்டுவிட்டு, கடையில் விற்கும் லேபிள் ஒட்டிய, பிரிக்காத பாக்கெட்டாக வாங்குங்கள். அதைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். வீட்டுப் பொடியை ஒருவர் விடுவார், இன்னொருவர் விடமாட்டார். அதை நம்பிப் போகாதீர்கள்.

பினாங்குச் சாப்பாட்டைப் பினாங்கிலேயே சாப்பிடுங்கள். கப்பல் நிற்பது ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் துறையில். அங்கிருந்து லிட்டில் இந்தியா பக்கம்தான். வெயில் குறைவாக இருந்தால் நடந்தே போகலாம், மாமனாருக்குக் கஷ்டம் என்றால் வண்டி வைத்துக்கொள்ளுங்கள். குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டு, அதைச் சுற்றி வாழையிலை போடும் கடை ஒன்றில் உட்காருங்கள். தமிழிலேயே பேசி, இன்னும் கொஞ்சம் ரசம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட முடிகிற துறைமுகம் அது. அந்தச் சாதத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து அறைக் கட்டிலில் ஆறிப்போய்ச் சாப்பிடுவதில் என்ன இருக்கிறது?

கப்பல் கிளம்பும் நேரத்தைப் பார்க்காமல், எல்லோரும் ஏறிவிட வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கும் நேரத்தைப் பாருங்கள். அது அரை மணியோ ஒரு மணியோ முன்னால் இருக்கும்.

கேள்வி: காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவன் நான். வெளியே வாங்கிய பிரியாணியை என் அறையில் வைத்துச் சாப்பிடக் கூடாது என்றால், தியேட்டரில் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிவிட்டு உள்ளே அதையே மூன்று மடங்கு விலைக்கு விற்கிற தந்திரம்தானே இதுவும்? — வாசகர், சென்னை

உங்கள் கோபம் ஒரு விஷயத்தில் நியாயம். மதுபானத்தையும் குளிர்பானத்தையும் தடுப்பதில் வியாபாரம் இருக்கிறது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் சாப்பாட்டுக் கணக்கு வேறு. பெரிய சாப்பாட்டு அறையிலும் பஃபேயிலும் நீங்கள் சாப்பிடுவது டிக்கெட்டிலேயே அடங்கிவிட்டது. நீங்கள் வெளிப் பிரியாணியைச் சாப்பிட்டால் கப்பலுக்கு ஒரு தட்டு மிச்சம். அப்படியும் தடுக்கிறார்கள் என்றால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

உங்கள் பிரியாணியையே எடுத்துக்கொள்வோம். சாதத்தில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அரிசியோடு வருவது. அதன் வித்துகள் கொதியிலும் சாகாது. சாதம் ஆறி வெதுவெதுப்பாகும்போது அவை முளைத்துப் பெருகி, நஞ்சை உண்டாக்கும். வாந்தியைக் கொண்டுவரும் அந்த நஞ்சு, திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் உணவு நிற்கும் நேரத்தைத்தான் நாங்கள் கப்பலில் எண்ணிக்கொண்டே இருப்போம். நான்கு மணி நேரம் தாண்டினால், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் குப்பைக்குத்தான். மதியம் 12 மணிக்குக் கட்டிய பார்சல், மலேசிய வெயிலில் ஊர் சுற்றிவிட்டு, மாலை கப்பலேறி, இரவு நிகழ்ச்சி முடிந்து 10 மணிக்குப் பிரிக்கப்படுகிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

‘என் வயிறு, என் பாடு’ என்று சொல்லலாம். வீட்டில் அது சரி. கப்பலில் ஒருவர் வாந்தி எடுத்தால் அது பிரியாணியா, வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸா என்று முதல் மணி நேரத்தில் மருத்துவருக்குத் தெரியாது. நோரோ வைரஸ் மிகச் சில துகள்களிலேயே அடுத்தவருக்கு ஒட்டிவிடும். கைப்பிடிக் கம்பி, லிஃப்ட் பொத்தான், பஃபே கரண்டி என்று பரவும். கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவத்துக்கு அது சரியாக அடங்காது, சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும். அதனால் அந்தப் பயணி அறையிலேயே தனிமைப்படுத்தப்படுவார். அறை முழுக்கக் குளோரின் மருந்தால் துடைக்கப்படும். நான் இருந்த கப்பல் ஒன்றில் நோய் பரவியபோது பஃபேயில் பயணிகள் கரண்டியைத் தொடவே விடவில்லை. வழக்கமாக அங்கே நிற்காத ஊழியர்களெல்லாம் கையுறை போட்டுக்கொண்டு வந்து பரிமாறினார்கள். அவர்களுக்கு அரைத் தூக்கம்தான், மீதி நேரமெல்லாம் துடைப்பு. அறை துடைத்த பையன்களில் சிலரும் படுத்துவிட்டார்கள். அவர்களுடைய முகம் எனக்கு நினைவிருப்பதால்தான் இதை இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நோய் வந்தால் எந்த உணவிலிருந்து வந்தது என்று தேட வேண்டும். கப்பலில் ஏறும் ஒவ்வொரு பெட்டி இறைச்சிக்கும் எங்கே வாங்கியது, துறையில் இறக்கும்போது என்ன வெப்பநிலை என்று பதிவு இருக்கும். தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து, குளிர்ச்சி போதவில்லை என்றால் லாரியோடு திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு. காய்கறி வந்த அட்டைப்பெட்டியைக்கூட உள்ளே விடமாட்டோம், அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும் என்பதால். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கூடைக்கு மாற்றித்தான் கிடங்குக்கு எடுத்துப்போவோம். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களை அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் ஆய்வாளர்கள் சொல்லாமல் வந்து சோதித்து 100-க்கு மதிப்பெண் போடுவார்கள். 86 வாங்கினால்தான் தேர்ச்சி. இத்தனை காவலுக்கு நடுவில், யார் எந்தக் கையால் எப்போது செய்தது என்று தெரியாத நூறு பொட்டலங்கள் அறைகளுக்குள் போனால், அப்புறம் எதைத் தேடுவது?

கேள்வி: பினாங்கு டூரியன் பழத்தைச் சுளை எடுத்து, காற்றுப் புகாத டப்பாவில் கொண்டுவந்தால்? — வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம் தம்பி. டூரியனின் வாடையில் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன, டப்பா அதை முழுக்க அடக்காது. கப்பலில் ஒரு தளத்தின் குளிர்காற்று எங்கெங்கோ சுற்றி வரும். பிறகு அது யார் அறையிலிருந்து வருகிறது என்று ஆள் போட்டுத் தேடுவார்கள். சிங்கப்பூர் எம்.ஆர்.டி. ரயிலிலேயே அதற்கு அனுமதியில்லை. ஜூன், ஜூலையில் போனால் நல்ல பருவம். கடையிலேயே உட்கார்ந்து, விற்பவர் பழத்தைப் பிளந்து தர, அப்போதே சாப்பிட்டுவிடுங்கள். சாப்பிட்ட கையைப் பழத்தின் ஓட்டுக் குழியில் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொள்வது அங்கே வழக்கம். பாக்கெட்டில் அடைத்த டூரியன் மிட்டாய் வாங்கிக்கொள்ளுங்கள், அதைப் பொதுவாகத் தடுப்பதில்லை.

மற்ற பழங்களும் காய்களும் கூடாதுதான். ஒரு பை ரம்புத்தானோடு பழ ஈயும் வந்துவிடும்.

கேள்வி: உறவினர்களுக்குத் தின்பண்டம் வாங்கி வரலாமா? இரண்டு பாட்டில் மதுவும் வாங்க நினைக்கிறேன். — வாசகர், காரைக்குடி

பினாங்கின் பருப்பு வைத்த பிஸ்கட் தாவ் சார் பியா, காய்ந்த ஜாதிக்காய், ஒயிட் காபி பாக்கெட் எல்லாம் தாராளமாக வரும். ஆலையில் அடைத்த பெட்டியாக, பிரிக்காமல் இருக்க வேண்டும். கடைக்காரர் ருசி பார்க்கப் பெட்டியைத் திறந்து கொடுத்தால் அதை அங்கேயே தீர்த்துவிடுங்கள். பெலாச்சான் என்னும் இறால் விழுது, கருவாடு இரண்டும் வாடைக்காகவே திருப்பப்படலாம்.

மதுவை ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்டு, சீட்டுக் கொடுத்து, கடைசி நாள்தான் திருப்பித் தருவார்கள். அதற்குப் பிறகு சிங்கப்பூர்ச் சுங்கம் இருக்கிறது. மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு மதுவில் வரிவிலக்கே கிடையாது. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் கிடையாது. சூயிங் கம் வாங்கிவிடாதீர்கள், 1992 முதல் சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுவரத் தடை. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பிஸ்கட் பெட்டியோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் போடுகிறேன். இரவில் சர்க்கரை இறங்கினால் கையில் ஏதாவது வேண்டும். கூட வரும் பேத்திக்கு ஒரு வயது, பால் பவுடர் குடிக்கிறாள். சின்னக் கெட்டில் எடுத்துக்கொள்ளலாமா? — வாசகி, திருநெல்வேலி

மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் தடை இல்லை. பிரிக்காத பால் பவுடர் டின், மருத்துவர் சீட்டு, இன்சுலின் மூன்றையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகலாம்.

கெட்டில் மட்டும் கூடாது. கம்பி சூடாகும் பெரும்பாலான சாதனங்களுக்கும், தண்ணீருக்குள் விடும் ஹீட்டர், குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி உட்பட, தீ பயத்தால் கப்பலில் தடை. இதில் நான் கப்பல்காரர்கள் பக்கம்தான். நடுக்கடலில் தீயைவிடப் பெரிய பயம் இல்லை. வெந்நீர் பஃபே தளத்தில் பெரும்பாலும் இரவும் கிடைக்கும். ஒரு ஃபிளாஸ்க் கொண்டுபோனால் போதும்.

அறையில் இருக்கும் சின்னக் குளிர்பெட்டியை இன்சுலினுக்கு நம்ப வேண்டாம். பல கப்பல்களில் அது பானத்தைச் சில்லென்று வைக்கும் அளவுக்குத்தான் வேலை செய்யும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். அதை மருத்துவ அறையின் குளிர்பெட்டியில் வைத்துத் தரும்படி முதல் நாளே கேளுங்கள். சர்க்கரை இறங்கினால் சாப்பிடக் குளுக்கோஸ் பாக்கெட்டும் சீல் பிரிக்காத பிஸ்கட்டும் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இவற்றை யாராவது கேள்வி கேட்டால், காரணத்தைச் சொல்லத் தயங்காதீர்கள்.

கேள்வி: மகள் சிட்னியில் இருக்கிறாள். அங்கிருந்து நியூசிலாந்துக்குக் கப்பலில் அழைத்துப்போகிறாள். கப்பல் பஃபேயில் எடுத்த ஆப்பிளைக் கரையில் சாப்பிட எடுத்துப்போகலாமா? — வாசகர், சேலம்

இது மற்றவர்கள் கேட்டதற்கு நேர் எதிர்த் திசை, ஆனால் இதில்தான் காசு போகும். எடுத்துப்போகாதீர்கள் ஐயா. நியூசிலாந்தில் சொல்லாமல் ஒரு பழம் கொண்டுவந்தாலும் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். ‘மறந்துவிட்டேன்’ என்பது எடுபடாது. மோப்ப நாய்கள் துறையில் நிற்கும். அவர்கள் பயப்படுவது பழ ஈக்கு. அது நுழைந்துவிட்டால் தோட்டக்காரர்கள் பிழைப்பே போய்விடும் என்பதால் அந்தக் கண்டிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. திரும்பச் சிட்னியில் இறங்கும்போதும் இதே கதைதான். இறங்கும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பழம் போடத் தொட்டி வைத்திருப்பார்கள்.

தேனும் வேண்டாம். ஊரிலிருந்து மகளுக்கு எடுத்துப்போன மசாலாப் பொருள், விதை, மாவிலை ஏதாவது பையில் மிச்சமிருந்தால், அறிவிப்புப் படிவத்தில் ‘ஆம்’ என்று குறித்து அதிகாரியிடம் காட்டிவிடுங்கள். நீங்களாகச் சொன்ன பொருளை அவர்கள் எடுத்துக்கொண்டாலும் அபராதம் கிடையாது.