மடக்குக் கத்தி முத்திரைகள்: கேள்வி-பதில்

கே: அலகின் அடியில் 'கேஸ் எக்ஸ்எக்ஸ்', அதன் கீழே 'யு.எஸ்.ஏ.', அதற்கும் கீழே ஏழு புள்ளிகள். எந்த ஆண்டுக் கத்தி?

ப: 1973. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் உள்ள கேஸ் நிறுவனம் 1970-இல் பத்துப் புள்ளிகளுடன் தொடங்கி, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தது. 1980-இல் மறுபடியும் பத்து. ஆனால் அந்தப் பத்தாண்டில் 'எஸ்' எழுத்து மின்னல்போல் ஒடிந்திருக்கும், குழப்பம் வராது.

அலகைப் புரட்டி எண்ணையும் பாருங்கள். 6254 என்றால், 6 என்பது எலும்புப் பிடி, 2 என்பது அலகுகளின் எண்ணிக்கை, 54 என்பது கத்தியின் வடிவ எண். பிடி மஞ்சள் பிளாஸ்டிக்காக இருந்தால் எண் 3-இல் தொடங்க வேண்டும். 6 என்றிருந்தால் யாரோ பிடியை மாற்றியிருக்கிறார்கள்.

இன்னொரு தந்திரம் உண்டு. 'யு.எஸ்.ஏ.'வையும் புள்ளிகளையும் அரைத்து எடுத்துவிட்டால், 1940–64 காலத்து 'கேஸ் எக்ஸ்எக்ஸ்' ஆகிவிடும்; விலையும் ஏறும். நானே ஒருமுறை அப்படி ஏமாந்தேன். இப்போது முத்திரைக்குக் கீழே நகத்தை ஓட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. அரைத்த இடம் லேசாகக் குழிந்திருக்கும். பக்கத்து அலகின் அடியைவிட மெலிந்தும் இருக்கும்.

கே: தாத்தாவின் கத்தியில் ஒரு நட்சத்திரம், ஒரு மால்டா சிலுவை, 'வி'க்கும் 'ஆர்'க்கும் நடுவே கிரீடம்.

ப: நட்சத்திரமும் சிலுவையும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த ஜோசப் ராட்ஜர்ஸ் (Rodgers) நிறுவனத்தின் முத்திரை. 'வி ஆர்' 1901 வரை ஆண்ட விக்டோரியா ராணியைக் குறிக்கும். பொதுவாக 1901-க்கு முந்தையது என்று கொள்ளலாம். 'ஜி ஆர்' (ஜார்ஜ் மன்னர்) என்றிருந்தால் பெரும்பாலும் 1910-க்குப் பிந்தையது. ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். பெயரில் 'டி' இல்லாவிட்டால் கத்தி வேறு யாருடையதோ.

கே: லாகியோல் கத்தியின் முதுகில் தேனீ உருவம் இருக்கிறது. அசல்தானே?

ப: தேனீ எதற்கும் சாட்சி இல்லை. லாகியோல் (ஊர்க்காரர்கள் 'லயோல்' என்பார்கள்) பிரான்ஸில் ஒரு கிராமம். அந்தப் பெயரில் தியேர் நகரத்திலும் செய்கிறார்கள், ஆசியாவிலும் செய்கிறார்கள். அலகில் செய்தவரின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கே: 'ரோஸ்ட்ஃபிரை' என்பது எந்த நிறுவனம்? விற்றவர், முதல் உலகப் போர்க் காலத்துக் கத்தி என்றார். மேலே 'விக்டோரினாக்ஸ்' என்றும் இருக்கிறது.

ப: நிறுவனமே இல்லை. ஜெர்மன் மொழியில் 'துருப்பிடிக்காதது' என்று பொருள். விக்டோரினாக்ஸைத் தொடங்கிய கார்ல் எல்சனர் 1909-இல் தாயின் நினைவாக அதற்கு 'விக்டோரியா' என்று பெயர் வைத்தார். துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' அதோடு சேர்ந்தது 1921-இல்தான். போரோ 1918-இல் முடிந்துவிட்டது. பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.