கைதட்டல் எந்த இடத்தில் விழுகிறது?

கேள்வி: குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்கும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் நம் காவல்துறையை நினைத்துப் பெருமையாக இருக்கிறது. நம் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் கைவைக்கிறவர்களில் இரண்டு பேரை அதே வேகத்தில் சுட்டுத் தள்ளினால் திருட்டு நின்றுவிடாதா? நீங்களோ அத்தகைய படம் வந்தாலே விமர்சனத்தில் குறை சொல்கிறீர்கள். அதை விட்டுவிட்டு, ஊருக்குள் சந்தேகப்படும்படி திரிகிற வெளியூர் ஆட்களின் புகைப்படங்களை வெளியிட்டு மக்களை எச்சரிக்கலாமே?
(வாசகர் ஒருவர், பள்ளத்தூர்)

பதில்: குற்றப் படங்கள் மீது எனக்கு எந்தப் பகையும் இல்லை. நம் காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் 1954-இல் தயாரித்த ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டு இல்லை, ஒரு நடனம் இல்லை. வீட்டுக்குள் சுடப்பட்டுக் கிடக்கும் ஒருவனைப் பற்றி ஒரு சி.ஐ.டி. அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போகிறார், அவ்வளவுதான் படம். எழுபது ஆண்டுகள் கடந்த பிறகும் அதை இருந்த இடத்தை விட்டு எழாமல் பார்க்க முடிகிறது. என் குறை, இந்த வகைப் படங்களில் காவலர் தம் வேலையைச் செய்கிற இடத்தில் அரங்கம் கைபேசியைப் பார்க்கிறது என்பதும், அவர் அந்த வேலையை விட்டுவிட்டுக் கை ஓங்குகிற இடத்தில் விசில் பறக்கிறது என்பதும்தான்.

நீங்கள் மனத்தில் வைத்திருப்பது 2017-இல் வந்த ‘தீரன் அதிகாரம் ஒன்று’ போன்ற படம் என்று எடுத்துக்கொள்கிறேன். நெடுஞ்சாலையோர வீடுகளில் புகுந்து கொன்று கொள்ளையடித்த பவாரியா கும்பலைத் தமிழகக் காவல்துறை வட மாநிலங்கள் வரை தேடிச் சென்று பிடித்த உண்மை நிகழ்வே அதற்கு அடிப்படை. 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் கொல்லப்பட்ட பிறகே காவல்துறை அதிகாரி ஜாங்கிட் தலைமையிலான வேட்டை முழு வேகம் எடுத்தது என்பதையும், அதற்கு முன் பல ஆண்டுகளாக இறந்தவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குடும்பத்தினர் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். படத்திலேயே அந்த அதிகாரிக்கு வழி காட்டுவது துப்பாக்கி அன்று, கைரேகை. அதைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்து, பழைய பதிவேடுகளோடு ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்று திரும்பி வந்து மறுபடியும் புறப்படுகிற அந்தப் பகுதிதான் படத்தின் உயிர். பேருந்துச் சண்டையை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். பூட்டிய வீட்டில் திருட்டுப் போனது எப்போது தெரிகிறது? சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறவர்கள் முன்னோருக்குப் படையல் இடும் படைப்புக்கு வந்து கதவைத் திறக்கும் அன்று. திறந்தவுடன் பங்காளிகள் அத்தனை பேரும் உள்ளே போகிறார்கள். உடைந்த அலமாரியை ஒருவர் ஆட்டிப் பார்க்கிறார், நெளிந்த தாழ்ப்பாளை இன்னொருவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், விருந்தாளிகள் வருகிறார்களே என்று வளவு என்னும் உள்முற்றம் முழுவதையும் கூட்டிக் கழுவி விடுகிறார்கள், அதற்குப் பிறகுதான் காவல் நிலையத்துக்கு ஆள் போகிறது. கைரேகை நிபுணர் வந்து எதன் மேல் பொடி தூவுவார்? என்னென்ன போயிற்று என்று எழுத்தர் கேட்டால், “பெரிய ஆச்சி காலத்துச் சாமான்கள்” என்பதற்கு மேல் விடை வருவதில்லை. கல்யாணத்தில் கொடுத்த கரண்டி வரைக்கும் பட்டியல் எழுதி வைத்த வழியில் வந்தவர்கள் நாம். பாத்திரத்தின் விளிம்பில் குடும்ப விலாசத்தின் முதலெழுத்துகளைப் பொறித்தே வாங்கியவர்கள். இன்று அந்தப் பட்டியலும் இரண்டாங்கட்டு அறைக்குள்ளேயே பூட்டிக் கிடக்கிறது. இதில் சுடுவதற்கு ஆள் எங்கே இருக்கிறான், சொல்லுங்கள்.

பதிவு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தன் நடராசர் சிலை 2006-இல் திருடப்பட்டு, 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு விற்கப்பட்டு, 2014-இல் இந்தியாவுக்குத் திரும்பியது. அது நம்முடையதுதான் என்று நிறுவ உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்னமே எடுத்து வைத்திருந்த புகைப்படம். சிலை வணிகர் சுபாஷ் கபூர் 2011-இல் ஜெர்மனியில் பிடிபட்டதும் ஒரு துரத்தல்தான், ஆனால் தாள்களின் வழியே நடந்த துரத்தல். அதில் இன்னொன்றும் உண்டு. சுவர் ஏறிக் குதித்தவனோடு நிற்காமல், வாங்கியவன் வரைக்கும் அது போயிற்று. நம் திரைக்கதைகளில் திருட்டுப் பொருளை வாங்குகிறவன் இரண்டு நிமிடம் தலைகாட்டி, ஓர் அறை வாங்கிக்கொண்டு மறைந்துவிடுகிறான். செதுக்கு வேலைப்பாட்டு நிலைக்கதவு கழற்றப்படுகிறதென்றால், அதற்கு முன்பணம் கொடுத்தவர் எங்கோ வசதியான வரவேற்பறையில் இடம் ஒதுக்கிவிட்டுக் காத்திருக்கிறார் என்று அர்த்தம்.

சுட்டுத் தள்ளுவது பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலிருந்து வரும் விதி. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. பிடிபட்டவன் சொல்லி ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புள்ள பகுதி மட்டுமே சான்றாகும். அடித்தால் எவனும் எதையும் ஒப்புக்கொள்வான் என்பதை வெள்ளைக்கார அரசே அறிந்திருந்தது. காவல்துறையினருடனான மோதலில் (என்கவுன்ட்டரில்) ஒருவர் இறந்தால் வழக்குப் பதிந்து, தொடர்பில்லாத வேறு குழு விசாரிக்க வேண்டும் என்றும், நிகழ்வு முடிந்த கையோடு பதக்கமோ பதவி உயர்வோ கொடுக்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2014-இல் கூறியிருக்கிறது. திரையில் படம் முடியும்போதே பதக்கம் குத்தியாகிவிடுகிறது!

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பீர்களானால், 2025 ஜூனில் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே நடந்ததை எண்ணிப் பாருங்கள். மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞர் ஒருவரை, காரில் வைத்திருந்த நகை காணாமல் போன புகாரில் தனிப்படையினர் விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். அடி தாங்காமல் அவர் இறந்தார். காவலர்கள் ஐவர் கைதாகி, வழக்கு சி.பி.ஐ.-க்குப் போயிற்று. நீங்கள் கேட்கிற வேகம் அங்கே குறைவில்லாமல் இருந்தது. நகைதான் கிடைக்கவில்லை.

கடைசியாக, வெளியூர் ஆட்களின் புகைப்படங்கள். வெளியிட மாட்டோம். ஒரு கும்பலின் குற்றத்தை ஒரு சாதியின் பிறவிக் குணமாகக் காட்டும் ஆசை இந்தப் படங்களிலும் இருக்கிறது. நான் விமர்சனத்தில் குறை சொல்வது பெரும்பாலும் அங்கேதான். சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகளாக அறிவித்த வெள்ளைக்காரர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டம் ஊர் ஊராக ஆண்களை வரிசையில் நிறுத்திக் கைரேகை எடுத்தது, அவர்களில் யாரும் எதையும் திருடினார்கள் என்பதற்காக அன்று. அதற்கு மறுத்த உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டார்கள். பாத்திரம் வாங்க வருகிறவரும், போர்வை விற்க வருகிறவரும், சாலை வேலைக்கு வந்து நம் திண்ணையில் நிழலுக்கு உட்காருகிறவரும் உங்கள் கடிதத்தின்படி “சந்தேகப்படும்படி திரிகிறவர்கள்”தாம். திருட்டுப் போன பொருளின் புகைப்படத்தை அனுப்புங்கள், அடுத்த இதழிலேயே போடுகிறோம்.

— ஆசிரியர்