கேட்டது ஒன்று, வந்தது நூறு

கே: ரங்கநாதன் தெருக் கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் உள்ள மொழிகளை மட்டும் காட்டச் சொன்னால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டுகிறதே?
– வாசகர், தி.நகர்

ப: கேட்ட இடம் தப்பு. மைக்ரோசாஃப்டின் புரோகிராம் தளமான டாட்நெட்டில் கல்ச்சர் (மொழியும் நாடும் சேர்ந்த அமைப்பு) பட்டியலைக் கேட்டால் விண்டோஸுக்குத் தெரிந்த எல்லா மொழியும் வரும், தமிழே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று 4 நாட்டுப் பெயரோடு வந்து நிற்கும். பயனர் செட்டிங்ஸில் சேர்த்துவைத்த மொழிகள் வேறு பட்டியல், அதை விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் 'கெட்-வின்யூசர்லாங்குவேஜ்லிஸ்ட்' என்ற கட்டளை தரும். லினக்ஸில் 'லோக்கேல் -ஏ' கட்டளை போதும். அப்புறம், மெனுவில் மொழிப் பெயரை இங்கிலீஷில் போடாதீர்கள். கல்ச்சரின் 'நேட்டிவ்நேம்' (அந்த மொழியிலேயே எழுதிய பெயர்) எடுத்தால் தமிழ் எழுத்திலேயே வரும், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி தேடுவது அதைத்தான். பக்கத்தில் கொடிப் படமும் வேண்டாம்; தமிழுக்கு எந்த நாட்டுக் கொடியைப் போடுவீர்கள்?