மெமோவில் ‘நிரந்தரக் கஸ்டடி’ என்று இருந்தால் போதுமா?

கேள்வி: நானும் கணவரும் பிரிந்து இரண்டு வருடமாகிறது. ஏழு வயது மகள் என்னோடு கரூரில் இருக்கிறாள். பரஸ்பர சம்மத விவாகரத்துக்காக அவருடைய வக்கீல் ஒரு ஜாயிண்ட் மெமோ (இருவரும் கையெழுத்துப் போட்டு கோர்ட்டில் கொடுக்கும் உடன்பாடு) அனுப்பியிருக்கிறார். மகளின் நிரந்தரக் கஸ்டடி எனக்கு. இயற்கைக் கார்டியனாக அப்பா தொடர்வார். அவர் விரும்பும்போது குழந்தையைப் பார்க்கலாம். குழந்தைக்கென்று எந்தத் தொகையும் எப்போதும் கேட்க மாட்டேன். இவைதான் ஷரத்துகள். கையெழுத்துப் போடலாமா? பின்னால் நான் மறுமணம் செய்தால் மகளைப் பிடுங்கிக்கொள்வார்களா? நாங்கள் இந்துக்கள்.

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள், சகோதரி. நீங்கள் பயப்படுகிற ‘கார்டியன்’ ஷரத்தில் பெரிய ஆபத்து இல்லை. மற்ற இரண்டில்தான் இருக்கிறது.

கஸ்டடி என்றால் குழந்தை யார் வீட்டில் வளர்கிறது, அன்றாடம் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது. கார்டியன் என்பவர் அந்த மைனருக்காகச் சட்டப்படி முடிவெடுப்பவர். 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் கார்டியன்ஷிப் சட்டத்தின் 6-வது பிரிவு இயற்கைக் கார்டியனாக முதலில் அப்பாவையும் அவருக்குப் பிறகு அம்மாவையும் சொல்கிறது. ஆனால் கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வேறு விளக்கம் கொடுத்துவிட்டது. அப்பா உயிரோடு இருந்தாலும், குழந்தையின் காரியங்களைக் கவனிக்காமல் ஒதுங்கியிருந்தால் அம்மாவே கார்டியனாகச் செயல்படலாம். பிரச்சினை வருவது பாஸ்போர்ட், பள்ளி மாற்றம், ஆபரேஷன் போன்ற இடங்களில். ‘இவற்றுக்குத் தாயின் கையெழுத்து மட்டும் போதும், தந்தைக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் பின்னால் அலைச்சல் இருக்காது.

‘நிரந்தர’ என்பதை நம்பியும் இருந்துவிட வேண்டாம். கஸ்டடி உத்தரவு எதுவும் கல்லில் வெட்டியதல்ல என்று ரோசி ஜேக்கப் வழக்கிலேயே, 1973-இல், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சூழ்நிலை மாறினால் இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவின் கீழ் இருவரில் யார் வேண்டுமானாலும் மாற்றம் கேட்கலாம். நீதிபதி பார்ப்பது குழந்தையின் நலனை. விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையிடமும் கேட்பார்.

‘விரும்பும்போது பார்க்கலாம்’ என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். மறுபடி கோர்ட் படி ஏறுகிற பெற்றோரில் பலர் இப்படியொரு வரியை நம்பி வந்தவர்கள்தான். இரவு ஒன்பதரைக்கு அவர் காலிங் பெல்லை அழுத்துவார். மறுநாள் பரீட்சை என்பீர்கள். மெமோவைக் காட்டுவார். அதே வரியை வைத்து ஆறு மாதம் வராமலும் இருப்பார். நீங்கள் எதுவும் கேட்க முடியாது. அதற்குப் பதில் இப்படி எழுதச் சொல்லுங்கள்:

“மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தந்தை தாயின் வீட்டிலிருந்து மகளை அழைத்துச் சென்று, மாலை 6 மணிக்குள் அங்கேயே கொண்டுவந்து விட வேண்டும். கோடை விடுமுறையின் முதல் இரண்டு வாரம் மகள் தந்தையுடன் இருப்பாள். புதன், ஞாயிறு இரவு 7 முதல் 7.30 வரை வீடியோ காலில் பேசலாம்.”

பொங்கல், தீபாவளி யாருக்கு, காய்ச்சல் என்றால் எந்த நாளுக்கு மாற்றுவது என்பதையும் சேர்த்துவிடுங்கள். வீடியோ கால் அதிகப்படி சலுகை இல்லை. கஸ்டடி இல்லாத பெற்றோர் குழந்தையோடு அப்படிப் பேச வழி செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

கடைசி ஷரத்தை அடித்துவிடுங்கள். உங்கள் ஜீவனாம்சத்தை வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். மகளுடையதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை, அது அவளுடையது. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20-வது பிரிவுப்படி, சுயமாக வாழ வழியில்லாத மணமாகாத மகளைப் பதினெட்டு வயதுக்குப் பிறகும் பராமரிக்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் அவள் பெயரில் வழக்குப் போடலாம்தான். ஆனால் ‘அன்றைக்கு ஒத்துக்கொண்டீர்களே’ என்ற வாதத்தை ஒவ்வொரு வாய்தாவிலும் கேட்க வேண்டியிருக்கும். மாதத் தொகை, வருடாவருடம் எவ்வளவு உயர்வு, பள்ளிக் கட்டணம் யார் பங்கு என்று எண்ணில் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: அவர் பணம் தராத மாதத்தில் குழந்தையைக் காட்ட மறுக்காதீர்கள். பாக்கித் தொகையை வசூலிக்க, கோர்ட் உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு இருக்கிறது. குழந்தையை மறைத்தால் அது உங்களுக்கு எதிராகத்தான் திரும்பும்.

மறுமணம் செய்த ஒரே காரணத்துக்காகக் கஸ்டடி போய்விடாது. அவர் மனுப் போட்டால், புதிய வீட்டில் குழந்தை எப்படி இருக்கிறாள் என்றுதான் கோர்ட் பார்க்கும்.

சரி, உங்களுக்கென்று தனி வக்கீல் இருக்கிறாரா? கடிதத்தில் அப்படித் தெரியவில்லை. அவருடைய வக்கீல் எழுதியது அவருக்குச் சாதகமாகத்தான் இருக்கும். அதில் தப்பில்லை, அது அவர் தொழில். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மெமோவின் நகலோடு போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.