சாயப்பட்டறைத் தொழிலாளியின் மகள் சாயம் படிக்கக் கூடாதா?

போன சனிக்கிழமை, மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று யோசனை கேட்டு, திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண், கூடவே அம்மாவின் அண்ணன். முக்கால்வாசி நேரம் பேசியது அந்த மாமாதான். கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஏஐ, டேட்டா சயின்ஸ் பிரிவில் நிர்வாக ஒதுக்கீட்டு சீட் ஒன்றைப் பேசி வைத்துவிட்டாராம். விடுதியோடு சேர்த்து 4 வருடத்துக்கு 9 லட்சம். 6 லட்சம் கல்விக் கடன், மீதிக்கு அம்மாவின் நகை. பெண்ணுக்குக் கணக்கில் 51, வேதியியலில் 84. அவள் தலையைக் குனிந்துகொண்டு மடியில் ஒரு பழைய நோட்டை வைத்திருந்தாள்.

நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அவளே இயற்கைச் சாயம் ஏற்றிய துணித்துண்டுகள். வெங்காயத் தோல், ஆவாரம்பூ, வேலம்பட்டை, மாதுளைத் தோல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை கிராம், எத்தனை நிமிடம் என்று பென்சிலில் குறிப்பு. ஒரு பக்கத்தில் துணி வெளுப்பாகவே இருந்தது. கீழே 'கடைக்காரர் ஏமாத்திட்டார்' என்று எழுதியிருந்தாள். நாட்டு மருந்துக் கடையில் நீலச் சாயம் தரும் அவுரி என்று கேட்டால் சில இடங்களில் நிலாவாரை இலையைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். வயிற்றைக் கழுவ அது உதவும், நீலம் வராது. இதை யாரும் சொல்லித் தராமல் அவளே கண்டுபிடித்திருக்கிறாள்.

அப்பா அந்த நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. "நா 22 வருசமா சாயத்துல கையை முக்கிட்டு நிக்கறனுங்க. என்ற புள்ளையும் அதையே பண்ணோணுமுங்களா?" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போய் வீட்டில் உட்கார்ந்தவர். சாயக் கழிவால் நொய்யல் ஆறு என்ன நிறத்தில் ஓடியது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நானும் முதலில் சரிங்க, பார்க்கலாங்க என்று சமாதானமாகத்தான் ஆரம்பித்தேன். ஆனால் மாமா, "ஊர்ல நாலு பேரு கேட்டா என்னங்க சொல்றது?" என்றதும் சமாதானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

அந்த நாலு பேர் தவணை கட்டப் போவதில்லை. 6 லட்சம், பத்தரை சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய 8,100 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. கணக்கில் தடுமாறுகிற ஒரு பெண்ணை, முழுக்க முழுக்கக் கணக்கின் மேல் நிற்கிற ஒரு படிப்பில், அவள் கேட்காமலே உட்கார வைக்க இவ்வளவு செலவு. அரியர் விழுந்தால் அதற்கும் அவளைத்தான் திட்டுவீர்கள். பெயரில் ஏஐ இருக்கிறது என்பதற்காக நகையை அடகு வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அம்மாவிடம் இதை நேராகவே சொன்னேன்.

ஃபேஷன் கல்லூரி, பிஎஸ்சி வேதியியல், பாலிடெக்னிக் எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும், மாமாவுக்கும் தெரியும்.

யாரும் பேசாத ஒரு இடத்தைச் சொல்கிறேன். சேலத்தில் இந்திய கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் 1960-லிருந்து இருக்கிறது. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் வருவது. கைத்தறி, ஜவுளித் தொழில்நுட்பத்தில் 3 வருட டிப்ளமோ. பத்தாம் வகுப்பு முடித்திருந்தாலே விண்ணப்பிக்கலாம். நூல் என்றால் என்ன என்பதில் தொடங்கி தறி, வடிவமைப்பு, துணியை வெளுப்பது, சாயமிடுவது, அச்சிடுவது, சோதிப்பது வரை கையால் செய்து படிக்க வேண்டும். நெசவாளர் பிள்ளைகள் நிறையப் பேர் வருகிற இடம், அரசுக் கட்டணம். தனியார் கல்லூரியின் ஒரு செமஸ்டர் செலவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். முடித்த பிறகு வேண்டுமென்றால் பி.டெக் ஜவுளித் தொழில்நுட்பத்தில் நேரடியாக இரண்டாம் வருடம் சேரவும் வழி உண்டு. "பன்னெண்டாவது முடிச்சுட்டு டிப்ளமோவா?" என்றார் மாமா. ஆமாம், டிப்ளமோதான். பத்தாவது முடித்த பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்காருவதில் அவளுக்குக் கூச்சம் இல்லை, உங்களுக்குத்தான்.

அப்புறம், இயற்கைச் சாயம் என்றதும் ஏதோ பூவைப் பறித்து வெந்நீரில் போடும் பொழுதுபோக்கு என்று நினைக்கிறார்கள். பீட்ரூட்டில் துணி முக்கிக் காட்டும் வீடியோக்களின் வேலை அது. நாலு துவைப்பில் அந்த நிறம் போயே போய்விடும். மஞ்சளும் வெயிலில் நிற்காது. நிற்கிற நிறம் வேண்டுமென்றால் அங்கே வேதியியல் வேண்டும். நிறத்தைத் துணியில் பிடித்து நிறுத்துவது படிகாரம். பருத்திக்கு அதை அப்படியே பிடித்துக்கொள்ளத் தெரியாது, அதனால் முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் துவர்ப்பை ஏற்ற வேண்டும், பிறகு படிகாரம், அதற்குப் பிறகுதான் சாயம். அதே மாதுளைத் தோல் படிகாரத்தோடு மஞ்சள் தரும், இரும்போடு சேர்ந்தால் பச்சை கலந்த சாம்பல். துணியில் கையால் எழுதும் கலம்காரி ஓவியத்தில் கறுப்புக் கோடு போடுகிறார்களே, அது துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரில் நாள்கணக்கில் புளித்து வருவது. கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டால்தான் அது கறுக்கும்.

அவுரி இன்னொரு உலகம். திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராகிறது. அறுத்த தழையைத் தொட்டியில் ஊறவைத்து, வடித்த தண்ணீரைக் காற்றுப் படப் படக் கலக்கினால் நீலம் அடியில் தங்கும். அந்த நீலம் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்புக் காரத்தில், தகரை விதையையோ வெல்லத்தையோ போட்டு அதன் உயிர்க்காற்றைப் பிடுங்கினால்தான் மஞ்சள்பச்சையாகக் கரையும். துணியை முக்கி வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு கண் முன்னாலேயே நீலமாகும். இதைச் சொல்லும்போதுதான் அப்பா முதல்முறையாக நிமிர்ந்தார். "அது நம்ம வேட் சாயம் மாதிரிதானுங்களே. நாங்க காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போடுவோம்." அதேதான். வேட் சாயமும் தண்ணீரில் கரையாதது, காஸ்டிக் காரத்துக்கு, ஹைட்ரோஸ் உயிர்க்காற்றைப் பிடுங்க. அவர் 22 வருடம் செய்ததைத்தான் மகள் வெல்லத்தையும் சுண்ணாம்பையும் வைத்துச் செய்யப் பார்க்கிறாள்.

நோட்டை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டு போனார். டியூப்லைட்டில் ஷேடு பார்க்கக் கூடாது என்பது பட்டறைப் பழக்கம். இரண்டு துண்டுகளைக் காட்டி, "இது ரெண்டும் ஒரே லாட்டு இல்லியே அம்மிணி" என்றார். லாட் என்றால் ஒரே தடவையில் சாயமேற்றியது. இல்லைதான், ஒன்று மழை பெய்த நாளில் காயவைத்தது. அந்தக் கண் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. இயற்கைச் சாயத்தில் இன்று பெரிய தலைவலியே அதுதான்: போன மாதம் கொடுத்த நிறத்தை இந்த மாதமும் கொடுப்பது. ஒரே செடிதான், ஆனால் மண்ணும் பருவமும் தண்ணீரின் உப்பும் மாறினால் நிறமும் மாறிவிடும். லேப் டிப், அதாவது சின்னத் துண்டில் சோதனைச் சாயம், போட்டு, ஒவ்வொன்றையும் எடை போட்டு, எழுதி வைத்து, அடுத்த லாட்டை அதற்கு அருகில் கொண்டுவரத் தெரிந்த ஆளுக்குத்தான் இந்தத் துறையில் தட்டுப்பாடு. பயிலரங்கு நடத்துகிறவர்களுக்குத் தட்டுப்பாடே இல்லை.

அதனால் பெண்ணிடமும் கறாராகத்தான் பேசினேன். 5 நாள் பயிலரங்குக்குப் பல ஆயிரம் கட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு உடனே இன்ஸ்டாகிராமில் புடவை விற்கக் கிளம்பாதே. இயற்கை என்றாலே நல்லது என்றும் நம்பாதே. நிறம் தூக்கலாக வர மயில்துத்தம், குரோமியம் உப்பு போடுகிறவர்கள் உண்டு. அந்தத் தண்ணீரும் எங்கேயோ ஓடத்தான் செய்யும். செலவையும் பார். ஒரு கிலோ துணிக்கு அடர்த்தியாக நிறமேற்ற அப்பாவுக்கு 40 கிராம் ரியாக்டிவ் என்கிற ரசாயனச் சாயம் போதும், கூட நிறைய உப்பு. உனக்கு வெங்காயத் தோல் கிட்டத்தட்ட துணியின் எடைக்கே வேண்டும். திருப்பூரின் ஏற்றுமதிக் கணக்கில் இது ஒரு மூலை. சிறிய மூலைதான், முதல் சில வருடம் சம்பளமும் உன் மாமா பையன் சொல்கிற சம்பளம் மாதிரி இருக்காது. கடன் இல்லாமல் படித்தால் அந்தச் சில வருடத்தைத் தாங்கலாம். மாதம் 8,100 தவணையோடு தாங்க முடியாது. அதற்காகத்தான் சேலம் என்கிறேன்.

துவைப்புக்கு 1 முதல் 5 வரை, வெளிச்சத்துக்கு 1 முதல் 8 வரை என்று நிறம் நிற்பதை அளக்கிற முறை இருக்கிறது. அந்தச் சோதனையை அவளே செய்யத் தெரிந்துகொண்டு வெளியே வந்தால், இயற்கைச் சாயப் பட்டறை மட்டும் இல்லை, எந்த ஜவுளி ஆய்வுக்கூடமும் கதவைத் திறக்கும். ஒருவேளை இயற்கைச் சாயம் சலித்துப் போனாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். விடுமுறையில் ஆரோவில் பக்கம் அவுரித் தொட்டி வைத்திருக்கிறவர்களைப் போய்ப் பார்க்கலாம். தஞ்சாவூர் மாவட்டத்துச் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயிலுக்குத் தொம்பையும் (தொங்கவிடும் துணி உருளை) தோரணமும் எழுதுகிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் எழுதும் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. போய் உட்கார்ந்து பார்க்கட்டும், படிகாரம் எழுதுகிற கை எப்படி நகர்கிறது என்று. சென்னை, காஞ்சிபுரம், சேலத்தில் இருக்கும் நெசவாளர் சேவை மையங்களிலும் சாயப் பிரிவு உண்டு, அங்கே என்ன பயிற்சி நடக்கிறது என்று நேரில் போய்க் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. அந்தக் கல்லூரிக்கு முன்பணம் கட்டக் கூடாது. "சீட்டு போயிருமுங்க" என்றார் மாமா. போகட்டும். அவருக்கு முகம் சுண்டிவிட்டது, டீ கூடக் குடிக்கவில்லை.

திங்கட்கிழமை சேலம் போகிறோம் என்று நேற்று அம்மா போன் செய்தார். எந்தச் சான்றிதழை எல்லாம் எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டார். மாமாவும் வருகிறாராம், கார் அவருடையது.